பெரும்பூனைகளின் பரிணாம மரத்தைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பனிச்சிறுத்தைக்கு நெருங்கிய உறவு யார், சிறுத்தையா புலியா? பரிணாம மரத்தைக் கையில் கொடுத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், புதிதாகப் படிக்க வருபவர்களில் பலர் சிறுத்தை என்றே சொல்கிறார்கள். சரியான பதில் புலி. அது அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஆனாலும் தவறுகிறார்கள், ஏனென்றால் கண் நுனிகளில் எழுதியிருக்கும் பெயர்களுக்கு ஓடுகிறது. உறவு எழுதப்பட்டிருப்பது கணுக்களில், அதாவது கிளைகள் பிரியும் இடங்களில்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வேரை, அதாவது எல்லாக் கிளைகளும் பிரியத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் நெருக்கத்தைப் பேச முடியாது, அளவுகோலைப் பார்க்காமல் காலத்தைப் பேச முடியாது. வரிசை மாறிய இடத்தில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு வெள்ளைத் தாள், பென்சில், இரண்டு வண்ணப் பேனா. திரையில் பார்த்தே படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கையால் வரைந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடுவது, திரையை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு மணி நேரமானாலும் பிடிபடுவதில்லை. விரலால் கோட்டைத் தொட்டுப் போக வேண்டிய வேலை இது.

நாம் எடுத்துக்கொள்ளும் மரம் இது. உட்கரு டிஎன்ஏ (செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ) ஆய்வுகள் பெரும்பாலும் ஆதரிக்கும் அமைப்பு:

(பூனை,(மேகச்சிறுத்தை,((புலி,பனிச்சிறுத்தை),(ஜாகுவார்,(சிங்கம்,சிறுத்தை)))))

ஒரே அடைப்புக்குள் இருப்பவை ஒரே கணுவிலிருந்து பிரிந்தவை. கணினி நிரல்கள் மரத்தை இப்படித்தான் சேமிக்கின்றன. உள்ளே இருக்கும் அடைப்பிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். முதலில் சிங்கத்தையும் சிறுத்தையையும் ஒரு கவட்டையில் சேருங்கள், அதோடு ஜாகுவாரை இணையுங்கள். புலியையும் பனிச்சிறுத்தையையும் தனிக் கவட்டையாகப் போட்டு இரண்டையும் ஒன்று சேருங்கள். அப்புறம் மேகச்சிறுத்தை, கடைசியில் வீட்டுப்பூனை. நுனிகள் எல்லாம் வலப்பக்கம், வேர் இடப்பக்கம் வரட்டும்.

1. முதலில் பெயர்களைச் சரிபாருங்கள்

தமிழில் இந்தப் படி மற்ற எதையும் விட முக்கியம். நம் பெயர்கள் உடம்பின் தோற்றத்தை வைத்து வந்தவை. பனிச்சிறுத்தை, மேகச்சிறுத்தை, சிறுத்தை மூன்றிலும் ‘சிறுத்தை’ இருக்கிறது. சிவிங்கிப்புலி என்ற பெயரில் புலி இருக்கிறது, ஆனால் அது வேகமாக ஓடும், கண்ணிலிருந்து வாய் வரை கருங்கோடு இறங்கும் வேறொரு விலங்கு. அதையும் பலர் சிறுத்தை என்றே எழுதுகிறார்கள். சிறுத்தையைச் சிறுத்தைப்புலி என்பவர்களும் உண்டு. கருஞ்சிறுத்தை தனி இனமே இல்லை. கறுப்பு நிறம் மிகுந்த சிறுத்தைதான், மரத்தில் அதற்கென்று தனி நுனி கிடையாது.

அதனால் ஒவ்வொரு நுனிக்கும் பக்கத்தில் அறிவியல் பெயரை எழுதுங்கள். சிங்கம் பாந்தெரா லியோ, சிறுத்தை பாந்தெரா பார்டஸ், ஜாகுவார் பாந்தெரா ஓன்கா, புலி பாந்தெரா டைகிரிஸ், பனிச்சிறுத்தை பாந்தெரா உன்சியா. மேகச்சிறுத்தை நியோஃபெலிஸ் என்ற வேறு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு), வீட்டுப்பூனை ஃபெலிஸ் கேட்டஸ். பழைய புத்தகங்களில் பனிச்சிறுத்தை ‘உன்சியா உன்சியா’ என்று தனிப் பேரினமாக இருக்கும். விலங்கு அதேதான், அதன் இடம் மட்டும் பிறகு மாற்றப்பட்டது. இரண்டு புத்தகங்களை ஒப்பிடும்போது இவை இரு வேறு இனங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

2. வேரையும் காலத்தின் திசையையும் கண்டுபிடியுங்கள்

நம் படத்தில் காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. வேறு படங்களில் கீழிருந்து மேலாகவோ, நடுவிலிருந்து வெளியே வட்டமாகவோ ஓடலாம். வேரிலிருந்து நுனிக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். நுனிகளுக்கு இடையே, அதாவது பெயர்ப் பட்டியலில் மேலிருந்து கீழாக, காலம் ஓடுவதில்லை. நுனியில் இருக்கும் எல்லாமே இன்று உயிரோடு இருப்பவை.

வீட்டுப்பூனை ஏன் இந்த மரத்தில் இருக்கிறது? அது வெளிக்குழு. மற்ற ஆறுக்கும் வெளியே இருப்பது என்று வேறு சான்றுகளால் முன்பே தெரிந்த ஒரு இனத்தைச் சேர்த்தால்தான் வேர் எங்கே என்று நிச்சயிக்க முடியும். வேரை நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். பூனையையும் மேகச்சிறுத்தையையும் அழித்துவிட்டு, பனிச்சிறுத்தையின் கிளையில் வேரை வையுங்கள். மற்றக் கோடுகள் எதையும் தொட வேண்டாம். இப்போது சிங்கம் இருக்கும் கூட்டத்துக்குப் புலி நெருங்கிய உறவாகவும் பனிச்சிறுத்தை எல்லோருக்கும் தூரத்து உறவாகவும் ஆகிவிடும். அதே கோடுகள்தான், கதை தலைகீழ். வேர் காட்டாத மரத்தை வைத்துக்கொண்டு யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்லாதீர்கள்.

வெளிக்குழு ரொம்பத் தூரத்தில் இருந்தாலும் தொல்லை. டிஎன்ஏவின் ஒரே இடம் பல முறை மாறியிருக்கும்போது, தற்செயலான ஒற்றுமை உறவு போலத் தெரியும். வெளியே இருக்க வேண்டும், ஆனால் அண்டை வீடாக இருக்க வேண்டும்.

3. கணுக்களுக்குப் பெயர் வையுங்கள்

இரண்டு இரண்டாகப் பிரியும் மரத்தில் ஏழு நுனி இருந்தால் ஆறு கணு இருக்கும். எண்ணிப் பாருங்கள், ஆறு வராவிட்டால் வரைந்ததில் தவறு.

வேர்க் கணு அ. மேகச்சிறுத்தை பிரியும் கணு ஆ. ஐந்து பாந்தெரா இனங்களும் சேரும் கணு இ. புலியும் பனிச்சிறுத்தையும் பிரியும் கணு ஈ. ஜாகுவார் பிரியும் கணு உ. சிங்கமும் சிறுத்தையும் பிரியும் கணு ஊ.

ஒவ்வொரு கணுவும் ஒரு காலத்தில் வாழ்ந்த ஒரு மூதாதை இனக்கூட்டம். ஊ கணுவில் நின்றது சிங்கமும் இல்லை, சிறுத்தையும் இல்லை, இரண்டுக்கும் பொதுவான ஒன்று. ‘சிங்கம் சிறுத்தையிலிருந்து வந்தது’ என்ற வாக்கியம் இந்தப் படியிலேயே உதிர்ந்துவிட வேண்டும்.

4. இரண்டு விரல்களால் பின்னோக்கிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஒரு விரலைப் பனிச்சிறுத்தையின் நுனியில் வையுங்கள், இன்னொன்றைப் புலியின் நுனியில். இரண்டையும் வேரை நோக்கி நகர்த்துங்கள். ஈ கணுவில் சந்திக்கின்றன. அதை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது பனிச்சிறுத்தையிலிருந்தும் சிறுத்தையிலிருந்தும் நகருங்கள். ஒரு விரல் ஈ வழியாகவும் மற்றது ஊ, உ வழியாகவும் வந்து இ கணுவில் சந்திக்கின்றன. இ, ஈயை விட வேருக்கு அருகில் இருக்கிறது, அதாவது பழையது. எந்த இணை பிந்திய காலக் கணுவில் சந்திக்கிறதோ அதுவே நெருங்கிய இணை. ஆகவே பனிச்சிறுத்தைக்குப் புலிதான் நெருக்கம்.

அடுத்த கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். புலிக்கு நெருங்கியது யார், ஜாகுவாரா சிங்கமா? நன்றாகப் படித்தவர்கள்கூடக் கணுக்களை எண்ணத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். புலியிலிருந்து ஜாகுவாருக்குப் போகும் வழியில் ஈ, இ, உ என்று மூன்று. சிங்கத்துக்குப் போகும் வழியில் ஈ, இ, உ, ஊ என்று நான்கு. மூன்று குறைவு, அதனால் ஜாகுவார் என்கிறார்கள்.

தவறு. விரல்களை வைத்துப் பாருங்கள். புலியும் ஜாகுவாரும் சந்திப்பது இ. புலியும் சிங்கமும் சந்திப்பதும் இ. புலியும் சிறுத்தையும் அதே இ. மூன்றும் புலிக்குச் சமமான நெருக்கம். உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு பிள்ளை, பெரியப்பாவுக்கு நான்கு பிள்ளைகள் என்றால், எண்ணிக்கையை வைத்து யாராவது அதிக நெருக்கம் ஆகிவிடுவார்களா? எல்லோரையும் உங்களோடு இணைப்பது அதே தாத்தா பாட்டிதான்.

கணு எண்ணுவது ஏன் தவறு என்று கையாலேயே காணலாம். மரத்திலிருந்து சிறுத்தையை அழித்துவிடுங்கள். ஊ கணு மறைந்துவிடும், சிங்கத்துக்குப் போகும் வழியில் இப்போது மூன்றே கணு. நீங்கள் ஒரு பெயரை அழித்ததால் புலிக்கும் சிங்கத்துக்கும் உள்ள உறவு மாறியிருக்க முடியாது. எந்தெந்த இனங்களை ஆய்வில் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். சந்திக்கும் கணு மாறாது.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும். அடைத்து வளர்க்கும் இடங்களில் சிங்கமும் புலியும் சேர்ந்து குட்டி போட்டிருக்கின்றனவே, அப்படியானால் அவைதானே நெருக்கம்? மரம் இல்லை என்கிறது. சிங்கத்துக்கு நெருக்கம் சிறுத்தை, அடுத்து ஜாகுவார், அதற்கப்புறம்தான் புலி. கலந்து இனப்பெருக்கம் செய்ய முடிவது மூதாதையிடமிருந்து வந்து இன்னும் இழக்கப்படாத ஒரு தன்மை. அது நெருக்கத்தை அளக்கும் கோல் ஆகாது.

5. கிளைகளைச் சுழற்றிப் பாருங்கள்

மரத்தை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைச் சரம் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு முடிச்சு, காற்றடித்தால் அந்த இடத்தில் சுழலும். சுழன்றாலும் எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது மாறாது.

ஆறு கணுக்கள், ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வைக்கலாம். ஆக நம் ஒரே மரத்தை 64 விதமாக வரையலாம். சிலவற்றில் புலியும் ஜாகுவாரும் அடுத்தடுத்த வரியில் வரும், சிலவற்றில் பனிச்சிறுத்தையும் சிறுத்தையும். அடுத்தடுத்து இருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. குறைந்தது மூன்று விதமாக வரைந்து, ஒவ்வொன்றிலும் 4ஆம் படியின் கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். பதில்கள் மாறினால் எங்கோ கிளையைச் சுழற்றாமல் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்.

சிங்கத்தைப் பட்டியலின் கடைசியில் வரைந்தால் அதுதான் ‘மிக முன்னேறியது’ என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஒரு சுழற்றில் மேகச்சிறுத்தை கடைசிக்கு வந்துவிடும். எல்லா நுனிகளும் வேரிலிருந்து அதே அளவு காலம் கடந்து வந்தவை.

6. ஒரே வெட்டில் கூட்டத்தைச் சோதியுங்கள்

ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் சேர்ந்தது கிளேடு. சோதனை எளிது: கத்தரிக்கோலால் ஒரே ஒரு இடத்தில் வெட்டினால் நீங்கள் சொல்லும் கூட்டம் மட்டும், ஒன்றும் குறையாமல் கூடாமல், கையில் வர வேண்டும்.

சிங்கம், சிறுத்தை, ஜாகுவார்: உ கணுவுக்கு முன்னால் வெட்டுங்கள், வந்துவிடும். இது கிளேடு. பெயரில் சிறுத்தை இருக்கும் மூன்றும்: அவை சந்திப்பது ஆ கணுவில், அங்கே வெட்டினால் புலி, சிங்கம், ஜாகுவாரும் கூடவே வருகின்றன. கிளேடு இல்லை. சிங்கமும் புலியும் மட்டும்: இல்லை.

சரி, ‘பெரும்பூனைகள்’ என்ற கூட்டம்? ஐந்து பாந்தெரா இனங்களை மட்டும் குறித்தால் அது கிளேடு. சிலர் சிவிங்கிப்புலியையும் பூமாவையும் சேர்க்கிறார்கள். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை, மரத்தில் வீட்டுப்பூனை இருக்கும் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் அ கணு வரை போக வேண்டும், அப்புறம் வீட்டுப்பூனையையும் பெரும்பூனை என்றாக வேண்டும். உருவத்தால் வைத்த பெயருக்கும் உறவால் வைத்த பெயருக்கும் உள்ள இடைவெளி இதுதான். ஒரு கட்டுரையில் பெரும்பூனை என்று கண்டால், எவற்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

7. ஒரு பண்பை மரத்தில் ஏற்றிப் பாருங்கள்

இங்கே கர்ஜனையை எடுத்துக்கொள்வோம். சிங்கம், சிறுத்தை, ஜாகுவார், புலி கர்ஜிக்கும். பனிச்சிறுத்தை கர்ஜிக்காது. மேகச்சிறுத்தையும் வீட்டுப்பூனையும் கர்ஜிக்காது. கர்ஜிப்பவற்றின் நுனியில் ஒரு வண்ணமும் மற்றவற்றில் இன்னொரு வண்ணமும் தீட்டுங்கள்.

இப்போது கேள்வி: இந்தப் பண்பு எங்கே தோன்றியது? ஒரு விடை, இ கணுவின் மூதாதையிடம் தோன்றி, பனிச்சிறுத்தையில் இழக்கப்பட்டது. இரண்டு மாற்றங்கள். இன்னொரு விடை, உ கணுவுக்குப் போகும் கிளையில் ஒருமுறை, புலியின் கிளையில் தனியாக ஒருமுறை. அதுவும் இரண்டு மாற்றங்கள்தான். குறைந்த மாற்றம் உள்ள விளக்கத்தை எடு என்ற விதி இங்கே கைகொடுக்காது.

புதியவர்கள் இந்த இடத்தில் பிடித்த விடையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது அதுவல்ல, மரத்துக்கு வெளியே சான்று தேடுவது. தொண்டையின் உடற்கூறு ஒரு நல்ல இடம். நாக்கடி எலும்பு முழுவதும் எலும்பாக இறுகாமல் நெகிழ்வாக இருப்பது ஐந்து பாந்தெரா இனங்களிலும், பனிச்சிறுத்தை உட்பட, உண்டு. குரல்வளையில் பெரிய, தடித்த குரல்மடிப்பு இருப்பதோ கர்ஜிக்கும் நான்கில் மட்டும். ஆக ‘கர்ஜனை’ என்று ஒற்றைச் சொல்லால் சொன்னது உண்மையில் தனித்தனி உறுப்புகளின் சேர்க்கை. ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றுங்கள். நெகிழ்வான எலும்பு இ கணுவில் ஒரே மாற்றமாக அழகாக உட்காரும். குரல்மடிப்புதான் அதே இரண்டு விடைகளோடு நிற்கும்.

உடல் புள்ளிகளை வைத்து உறவு சொல்ல வேண்டாம். புள்ளியும் வளையமும் பூனைக் குடும்பம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, சிங்கக் குட்டிகளின் மேல்கூடப் புள்ளிகள் உண்டு.

8. கிளையின் நீளம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள்

மூன்று வகை மரங்கள் உண்டு. ஒன்றில் நீளத்துக்குப் பொருளே இல்லை, கிளைப்பு மட்டும்தான். இரண்டாவதில் நீளம் டிஎன்ஏ மாற்றத்தின் அளவு, நுனிகள் ஒரே கோட்டில் முடியாமல் ஏற்ற இறக்கமாக இருக்கும். மூன்றாவதில் நீளம் காலம், கீழே ஆண்டுக்கணக்கு இருக்கும். படத்தின் ஓரத்தில் அளவுகோல் இல்லையென்றால் முதல் வகை என்றே எடுத்துக்கொண்டு, காலம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

காலம் காட்டும் மரத்தில் அ கணு ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று 2006இல் வந்த ஒரு விரிவான ஆய்வு கணித்தது. ஆ கணு சுமார் 60 லட்சம் ஆண்டுகள். இவை நடு மதிப்புகள். கணுவின் மேல் அதன் வயது இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் கிடைமட்டப் பட்டை இருந்தால் அதன் இரு முனைகளையும் சேர்த்துக் குறியுங்கள். அந்தப் பட்டைதான் விடை, நடுப்புள்ளி அதன் சுருக்கம்.

புதைபடிவம் தருவது குறைந்தபட்ச வயது மட்டும். திபெத்தில் கிடைத்து 2013இல் விவரிக்கப்பட்ட பாந்தெரா பிளைதியே என்ற பூனையின் வயது சுமார் 41 லட்சத்திலிருந்து 59.5 லட்சம் ஆண்டுகள் வரை. விவரித்தவர்கள் அதைப் பனிச்சிறுத்தைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த இடம் சரியென்றால் ஈ கணு அதைவிடப் பழையதாக இருந்தாக வேண்டும், கூடவே இ, ஆ, அ எல்லாம் பின்னுக்குத் தள்ளப்படும். வேறு கிளையில் வைத்தால் ஈக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு எலும்பை எந்தக் கிளையில் மாட்டுகிறோம் என்பது முழு மரத்தின் காலக்கணக்கையும் ஆட்டுகிறது.

9. கணுவின் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

100, 87, 0.99 என்று கணுக்களின் அருகே எண்கள் இருக்கும். இவை ஆண்டுகள் அல்ல. பூட்ஸ்ட்ராப் என்றால், தரவை மறுபடி மறுபடி மாற்றிப் பொறுக்கி மரம் கட்டியபோது எத்தனை விழுக்காடு முறை அந்தக் கூட்டம் வந்தது என்பது. 0 முதல் 1 வரை இருந்தால் பெரும்பாலும் பேய்சியன் என்ற புள்ளியியல் முறை அந்தக் கூட்டத்துக்குத் தரும் நிகழ்தகவு. இரண்டையும் ஒரே கோலால் அளக்காதீர்கள்.

பூட்ஸ்ட்ராப் 70க்குக் கீழே இருந்தால் அந்தக் கணுவைப் பென்சிலால் அழித்துவிட்டு, அதன் கிளைகளை முந்திய கணுவில் நேராகச் சேருங்கள். மூன்று கிளைகள் ஒரே இடத்தில் பிரியும். ‘மூன்றும் ஒரே நேரத்தில் பிரிந்தன’ என்று அதைப் படிக்க வேண்டியதில்லை, ‘வரிசை தெரியவில்லை’ என்றே படியுங்கள்.

10. இரண்டாவது மரத்தோடு ஒப்பிடுங்கள்

எண் 100 என்றிருந்தாலும் மரம் இனங்களின் வரலாறாக இல்லாமல் போகலாம். பனிச்சிறுத்தையே அதற்குச் சான்று. உட்கரு டிஎன்ஏ அதைப் புலியோடு சேர்க்கிறது. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியத்தில் இருக்கும் டிஎன்ஏவை மட்டும் வைத்துக் கட்டினால் அது சிங்கத்தோடு போய்ச் சேருகிறது.

மைட்டோகாண்ட்ரியத்தில் 37 மரபணுக்கள் இருந்தாலும் அவை தாய்வழியே ஒரே கட்டாகக் கைமாறுகின்றன, அதனால் 37 சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி. பழங்காலத்தில் இரண்டு மூதாதை இனங்கள் கலந்திருந்தால், ஒரு பெண் விலங்கின் வழியாக மைட்டோகாண்ட்ரியம் வேறு கிளைக்குத் தாவியிருக்கும். 2016இல் பூனைக் குடும்பம் முழுவதையும் ஆராய்ந்த ஒரு மரபணு ஆய்வு இந்த முரணை அப்படித்தான் விளக்கியது. பாந்தெராவுக்குள் பிரிவுகள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து நடந்ததும் ஒரு காரணம். மூதாதையிடம் இருந்த மரபணு வகைகள் பிரிந்து முடிவதற்குள் அடுத்த பிரிவு வந்துவிடும், ஒவ்வொரு மரபணுவும் ஒவ்வொரு கதை சொல்லும்.

பூனைகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ துண்டுகளின் நகல்கள் உட்கரு டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டிருப்பது வீட்டுப்பூனையில் 1994லேயே காட்டப்பட்டது, பாந்தெராவிலும் உண்டு. அசலுக்குப் பதில் நகலை வாசித்துவிட்டால் மரம் கோணிவிடும். எனவே எந்த மரத்தை எடுத்தாலும் ‘எந்த டிஎன்ஏவிலிருந்து கட்டியது’ என்று தலைப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மரங்களும் ஒத்துப்போகும் கணுக்களை ஒரு வண்ணத்திலும் முரண்படும் கணுக்களை இன்னொன்றிலும் வட்டமிடுங்கள்.

11. படித்ததை வாக்கியமாக எழுதுங்கள்

எழுதும்போதுதான் ஒளிந்திருந்த பிழை வெளியே வரும். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று விலங்குகள் வேண்டும், ஏனென்றால் நெருக்கம் என்பது மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. ‘சிங்கமும் சிறுத்தையும் நெருங்கியவை’ என்பது அரை வாக்கியம். ‘சிங்கம் புலியை விடச் சிறுத்தைக்கு நெருக்கம், ஏனென்றால் ஊ கணு இ கணுவை விடப் பிந்தியது’ என்பது முழு வாக்கியம், கணுவும் கூடவே நிற்கிறது.

‘மேகச்சிறுத்தை மிகப் பழைய இனம்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ‘மேகச்சிறுத்தையின் கிளை, பாந்தெரா ஐந்தும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதற்கு முன்பே பிரிந்தது’ என்று மாற்றுங்கள். ‘பனிச்சிறுத்தை கர்ஜனையை இழந்தது’ என்று எழுதியிருந்தால், 7ஆம் படியின் இரண்டாவது விடையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.